பேய் இடப்பக்கத்தில்தான் வரணும்

போன சனிக்கிழமை மத்தியானம் அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்து நான் போட்ட பேய்ப் படக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயசு. நான் நிலைப்படிக்கு உள்ளே நின்று அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 21ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் காவல்காரர் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்திருப்பார். பையன் தாளைத் திருப்பினான். 22 வந்தது. இரண்டு கையையும் சட்டென்று எடுத்துவிட்டான். புத்தகம் அவன் மடியிலேயே மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, வாசல் லைட்ட போடுங்களேன்" என்றான். மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை.

எட்டு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். இதே கதையும் இதே படமும் ஜனவரியில் அச்சடித்த 25 பிரதிகளில் ஒருத்தரைக்கூட அசைக்கவில்லை. நடுவில் என்ன மாறியது, எங்கெங்கே தாளும் காசும் போயின என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். படக்கதை போட நினைக்கிற யாருக்காவது ஒரு மாதம் மிச்சமானாலும் சரி.

புத்தகம் ஏ5 அளவு, உள்ளே 32 பக்கம், கறுப்பு வெள்ளை. நான்கு சின்னப் பேய்க் கதைகள். எல்லாமே திருத்துறைப்பூண்டியைச் சுற்றிய கடைமடையில், அதாவது ஆற்றுப் பாசனத்தின் கடைசிக் கோடியில் நடப்பவை. முதல் கதை 'முதல் தண்ணி'. மேட்டூரில் திறந்த தண்ணி காய்ந்த ஆற்றில் நுரையும் சருகுமாக வரும்போது பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள் இல்லையா, அந்த ஓட்டம்தான் கதை. இரண்டாவது கொள்ளிவாய்ப் பிசாசு. மூன்றாவது நெல் கொள்முதல் நிலையத்தில் ராக்காவல் இருக்கிறவர் அடுக்கிய மூட்டைகளை எண்ணுகிற கதை. ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் ஒரு மூட்டை கூடுதலாக இருக்கும். நான்காவது 'ஷட்டர்', ஆற்றில் தண்ணியைத் திறந்து அடைக்கிற மதகுக் கதவைப் பற்றியது.

நான்கு கதை, 32 பக்கம் என்பது நான் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஈ.சி. காமிக்ஸ் என்ற நிறுவனம் திகில் இதழ்களை இதே கணக்கில்தான் போட்டது. ஆறிலிருந்து எட்டுப் பக்கத்துக்குள் ஒரு கதை, ஓர் இதழில் நான்கு. 1954இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லையே போடக் கூடாது என்றன. அத்தோடு அந்த இதழ்கள் நின்றுபோயின. ஆனால் அந்த அளவு நல்ல அளவு. எட்டுப் பக்கத்தில் ஆளைக் காட்டலாம், இடத்தைக் காட்டலாம், ஒரு தடவை நெஞ்சைப் பிடிக்க வைக்கலாம். அதற்கு மேல் நீட்டினால் பயம் ஆறிப்போய்விடுகிறது. நான் முதலில் ஷட்டர் கதையை 14 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். எட்டாகக் குறைத்த பிறகுதான் அது கதையானது.

முதல் வேலை டம்மி, அதாவது வெற்றுத் தாளில் மடித்த மாதிரிப் புத்தகம். ஏ4 தாள் எட்டை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம் வந்துவிடும். பென்சிலால் 1 முதல் 32 வரை எண் போட்டு, பிறகு பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் ஒரு பக்கம் 32ம் 1ம் இருக்கும், மறுபக்கம் 2ம் 31ம் இருக்கும். எந்தத் தாளை எடுத்தாலும் அக்கம்பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினால் 33 வரும். வராவிட்டால் எங்கோ தவறு. அச்சுக்குக் கொடுக்கும்போது இந்த 33 என்னைப் பல முறை காப்பாற்றியது. டம்மியிலேயே கட்டை விரல் அளவில் எல்லாப் பக்கத்தையும் கிறுக்கிப் பார்த்தேன். 1 தலைப்பு. 2 முதல் 9 வரை முதல் கதை, 10 முதல் 15 வரை கொள்ளிவாய், 16 முதல் 23 வரை மூட்டை, 24 முதல் 31 வரை ஷட்டர். 32இல் நாலு வரிக் குறிப்பு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை நானே கெடுத்தேன்.

வரைகிற தாளின் அளவில் ஆரம்பத்திலேயே தப்புச் செய்தேன். பெரிதாக வரைந்து சுருக்கினால் படம் நறுக்கென்று இருக்கும் என்று கல்லூரிக் காலத்தில் கேட்டது மனசில் இருந்தது. ஏ3 தாளில் ஆரம்பித்தேன். ஏ3யை ஏ5 ஆக்கினால் சரிபாதி. 0.2 மில்லிமீட்டர் கோடு 0.1 ஆகிவிடுகிறது. ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தால் மெல்லிய கோடு காணாமல் போய்விட்டது. நெருக்கிப் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிட்டன. காய்ந்த ஆற்று மணலுக்கு மூன்று நாள் புள்ளி வைத்திருந்தேன், அத்தனையும் அழுக்குப் போலத் தெரிந்தது. ஐந்து பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஏ4க்கு வந்தேன். ஏ4இலிருந்து ஏ5க்கு ஏறக்குறைய 71 சதவீதம். கண்ணில் பார்ப்பதும் அச்சில் வருவதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது.

கருவிகளில் சொல்ல நிறைய இருக்கிறது. மனித முகத்துக்கும் கைக்கும் இரும்பு நிப்பும் வாட்டர்ப்ரூஃப் இங்க்கும். ஆனால் வயலும் கோரையும் வாய்க்கால் கரையும் நிப்பில் வரைந்தால் கம்பி போல விறைப்பாக நிற்கின்றன. அதற்குக் கொறுக்கை என்கிற நாணல் வகையின் தட்டைதான் கைகொடுத்தது. வாய்க்கால் கரையில் முற்றிய தட்டையாகப் பார்த்து வெட்டி, ஒரு வாரம் பரணில் காயவிட்டேன். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, நுனியில் பிளேடால் ஒரு பிளவு, அவ்வளவுதான் பேனா. ஒரு தடவை மை தொட்டால் பத்துப் பன்னிரண்டு கோடு வரும். முதல் கோடு கொழுத்திருக்கும். கடைசிக் கோடு மை தீர்ந்து சொரசொரவென்று உடைந்து உடைந்து வரும். இந்தக் கடைசிக் கோடுகளுக்காகத்தான் அந்தப் பேனா. அறுத்த வயலின் தாள்கட்டை அப்படியே வந்து உட்கார்ந்தது.

வைக்கோலையும் வெட்டிப் பார்த்தேன். மையில் நனைந்ததும் துவண்டுவிடுகிறது. நான்கைந்து வைக்கோலைச் சேர்த்துக் கட்டி, நுனியை நசுக்கி, தூரிகை மாதிரி இழுத்தால் சாக்குத் துணியின் நெசவு கிடைக்கிறது. மூட்டைக் கதை முழுக்க அதுதான். மழைக்குத் தென்னை ஈர்க்கு. வெள்ளை போஸ்டர் கலரைத் தோய்த்து, கறுப்பின் மேல் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. ஸ்கேலைத் தொடவே கூடாது. ஸ்கேல் வைத்த மழை மழையாகவே இல்லை.

வீட்டிலேயே மை செய்யலாம் என்று ஒரு வாரம் போக்கினேன். நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்துக் கரி எடுத்து, கருவேலம் பிசின் தண்ணீரில் குழைத்தேன். நிறம் அருமையான கறுப்பு. ஆனால் காய்ந்த பிறகும் ஈரக் கை பட்டால் கரைகிறது. ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் உலர்ந்த கை எங்கே இருக்கிறது? இரண்டு பக்கம் பாழானதும் விட்டுவிட்டேன். கடை மைக்கும் அந்த மாதங்களில் சிக்கல் இருந்தது. வெயில் காலத்தில் ஐந்து நிமிடத்தில் காய்வது அப்போது அரை மணி நேரம் எடுத்தது. தாள் ஈரம் குடித்துப் பொதபொதவென்று இருந்ததால் கோட்டின் ஓரத்தில் மை கசிந்தது. தாளை பாலித்தீன் உறைக்குள் போட்டு, கொஞ்சம் பச்சரிசியை துணியில் முடிந்து கூடவே வைத்தேன். கசிவு குறைந்தது. முழுதும் நிற்கவில்லை. அடுத்த தடவை மை வேலையைப் பங்குனிக்கு வைத்துக்கொள்வேன்.

இனிப் பெரியப்பாவிடம் வருகிறேன். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஆற்றுக் கரையும் ஷட்டரும் தண்ணி மட்டம் பார்க்கிற கேஜும்தான் அவர் வாழ்க்கை. ஷட்டர் கதையை அவர் சொன்ன ஒன்றிரண்டு சங்கதியை வைத்துத்தான் எழுதினேன். ஏழு பக்கம் மை போட்டு முடித்து அவரிடம் காட்டினேன். முதல் பக்கத்திலேயே விரலை வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, தண்ணி ஷட்டருக்கு மேல வழிஞ்சு கொட்டுது? இதென்ன குத்தாலமா?"

"தெறந்தா அப்படித்தானே பெரியப்பா?"

"ஷட்டரு மேல போவும். தண்ணி அடியிலதான் போவும். இந்தண்ட நின்னு பாத்தா தண்ணி சும்மா கெடக்குற மாதிரிதான் இருக்கும். ஒரு சுழி சுத்தும், அவ்வளவுதான். அந்தண்ட போய்ப் பாரு, சீறிக்கிட்டுக் கெளம்பும்."

பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். "ராத்திரில எறக்கச் சொல்லுவான். திருகிக்கிட்டே வருவோம். கடைசி அரையடி எறங்காது. எவ்வளவு திருகினாலும் எறங்காது. அடியில என்னமோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். மரமா இருக்கலாம், மாடா இருக்கலாம். விடியிற வரைக்கும் தெரியாது."

அந்த ஏழு பக்கத்தையும் நான் தூக்கிப் போட்டேன். மனசு கனத்தது, ஆனால் தயங்கவில்லை. என் பழைய கதையில் திறந்த ஷட்டரின் மேல் ஒரு பெண் உருவம் நின்றது. தலைவிரி கோலம், வெள்ளைச் சேலை, எல்லாரும் ஆயிரம் முறை பார்த்தது. பெரியப்பாவின் அந்த அரையடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. புதிய கதையில் பேயே கிடையாது. லஸ்கர் திருகுகிறார், ஷட்டர் இறங்க மாட்டேன் என்கிறது. மேலே நின்றால் தண்ணீர் சும்மா கிடக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தண்டை போகிறார். 29ஆம் பக்கத்தில் குனிகிறார். 30இல் அந்த அரையடி இடுக்கு பக்கம் முழுக்க விரிகிறது. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதவில்லை.

அடுத்து எழுத்து. தமிழில் படக்கதை போடுகிறவர்களை இது படுத்துகிற பாடு தனி. 'கேட்டுக்கிட்டிருந்தேன்' என்பது ஒரே சொல். பதினோரு எழுத்து. ஏ4 தாளில் ஓரம் விட்டது போக 190 மில்லிமீட்டர் அகலம். வரிசைக்கு மூன்று கட்டம் போட்டால் ஒரு கட்டம் 60 மில்லிமீட்டர். அந்த ஒரு சொல்லுக்கே 45 மில்லிமீட்டர் போய்விடுகிறது. பலூன் போட்டால் ஆளின் தலைக்கு இடமில்லை. சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன். அக்கா மகன் 'கேட்டுக்கி' என்று படித்து நின்று, கீழே போய் 'ட்டிருந்தேன்' என்றான். பயம் அங்கேயே செத்துவிட்டது.

இரண்டு வழி எடுத்தேன். பேச்சு வரும் வரிசையில் இரண்டு கட்டத்துக்கு மேல் போடவில்லை. வசனத்தை எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே வெட்டி வெட்டி எழுதினேன். "நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்பது "கேட்டுது" ஆனது. கதைக்கும் அதுவே பொருத்தமாக அமைந்தது, இருட்டில் பயந்தவர்கள் நீட்டிப் பேசுவதில்லை. எழுத்தின் உயரம் தாளில் நாலரை மில்லிமீட்டர், அச்சில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். வரிக்கு வரி ஒன்பது மில்லிமீட்டர் விட்டேன். ஆங்கில எழுத்துக்கு விடுகிற இடைவெளி நமக்குப் போதாது. மேல்வரியின் கூ, மூ கீழே இறங்கும், கீழ்வரியின் கீ, மீ மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். கணினி எழுத்தையும் போட்டுப் பார்த்தேன், கையால் இழுத்த கோட்டுக்குப் பக்கத்தில் அது பத்திரிகைச் செய்தி மாதிரி நின்றது. முழுக்கக் கையெழுத்துதான்.

சத்தச் சொற்களைப் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். ஷட்டர் திருகும் 'க்ர்ர்ர்க்' மட்டும் நாலு கட்டத்தில் வரும். ஐந்தாவது கட்டத்தில் வராது. வராதது கேட்கிறது.

அப்புறம் கறுப்பு. இந்தப் புத்தகத்தில் பகல் நேரமே ஏழெட்டுப் பக்கம்தான், மிச்சமெல்லாம் ராத்திரி. முதலில் தூரிகையால் மை நிரப்பினேன். தாள் ஈரத்தில் அலை அலையாக நெளிந்தது. ஸ்கேனரில் வைத்தால் மேடான இடம் பளபளத்துச் சாம்பல் நிறமாக விழுந்தது. போனில் படமெடுத்தும் பார்த்தேன், ஓரமெல்லாம் வளைந்துவிடுகிறது. கடைசியில் கோட்டை மட்டும் மையில் போட்டு, கறுப்பாக வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வைத்தேன். ஸ்கேன் செய்த பிறகு கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளில் அந்த இடத்தை நிரப்பினேன். கிரிட்டா இலவசம், என் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. 600 டிபிஐ நுணுக்கத்தில் கிரேஸ்கேலாக, அதாவது சாம்பல் சாயல்களோடு ஸ்கேன் செய்துகொண்டு, பிறகு மென்பொருளில் கறுப்பு வெள்ளையாக வெட்டுவது நல்லது. ஸ்கேனரையே வெட்டச் சொன்னால் கொறுக்கைப் பேனாவின் உடைந்த கோடுகளை அது தூசி என்று நினைத்துத் தின்றுவிடுகிறது. எவ்வளவு வெளிறியது வரை கறுப்பாக எடுக்கலாம் என்கிற வெட்டும் அளவு 128இல் இருந்தபோது தாள்கட்டை பாதி காணோம், 160க்கு ஏற்றியதும் திரும்பி வந்தது.

மன்னார்குடியில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் மாதிரிக்கு நாலு பக்கம் அடித்தேன். பெரிய கறுப்புப் பரப்பில் திட்டுத் திட்டாக வெளிறல். நடு மடிப்பில் டோனர் உரிந்து வெள்ளைக் கோடு. கடையில் மெஷின் ஓட்டுகிற தம்பி பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இவ்வளவு பெரிய கறுப்ப எந்த மெஷினும் ஒரே சீரா அடிக்காது. நடுவுல ஏதாவது வெள்ளையப் போட்டு உடைங்க. மடிப்புலேருந்து அரை செண்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்க."

அவன் சொன்னபடி ஒவ்வொரு இருட்டிலும் எதையாவது கொண்டுவந்தேன். மழைக் கம்பி, நெல் தோகை, மின்மினி, தண்ணீரில் நெளியும் ஒரு தெருவிளக்கு. பல் துலக்கும் பழைய பிரஷில் வெள்ளையைத் தொட்டுக் கட்டை விரலால் சுண்டினால் மின்மினி வந்துவிடும். கொள்ளிவாய்க் கதையின் மூன்றாம் பக்கத்தில் அத்தனை மின்மினிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாலாம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. அச்சு மெஷினுக்காகப் போட்ட வெள்ளைப் புள்ளி கதைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஜனவரிக்கு எல்லாம் தயார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு உதவிய பெரியப்பாவுக்கு நன்றி சொல்ல ஒரு பக்கம் இல்லையே. உட்கார்ந்து 14 வரி எழுதினேன். ஊர், ஆறு, அவர் சொன்ன ராத்திரிகள். மனசிலிருந்து வந்த வரிகள்தான். அதை 2ஆம் பக்கத்தில் வைத்து, கடைசிப் பக்கத்துக் குறிப்பை எடுத்துவிட்டேன். மொத்தம் 32 அப்படியே இருந்தது, கூட்டினால் 33ம் வந்தது. 25 பிரதி அடித்தேன்.

பொங்கலுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் படித்தார்கள். "படம் நல்லாருக்கு" என்றார்கள். "நம்ம ஆத்தாங்கரை அப்படியே இருக்கு" என்றார்கள். பயந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. படம் பலவீனம் என்று நினைத்து மூட்டைக் கதையின் பெரிய படத்தை இரண்டு தடவை மாற்றி வரைந்தேன். கண்ணைப் பெரிதாக்கினேன், பிறகு கண்ணையே எடுத்தேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

காரணம் தெரிந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணால். கல்லூரியில் படிக்கிறவள். அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தேன். அவள் கண் தெரிந்தது. தாளைத் திருப்பியதும் அவள் கண் நேராக வலப்பக்கத்துக்குப் போனது. அங்கேதான் பெரிய கறுப்புப் படம். அதைப் பார்த்துவிட்டு, பிறகு இடப்பக்கம் வந்து வசனத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். காவல்காரர் தார்ப்பாயைத் தூக்குவதற்கு முன்பே உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். "எங்கயாவது பயந்தியா?" என்றேன். "அதான் முன்னாடியே தெரிஞ்சிடுச்சேக்கா" என்றாள்.

டம்மியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். என் திட்டத்தில் நான்கு கதையின் உச்சமும் 8, 14, 22, 30 ஆகிய பக்கங்களில் இருந்தன. எல்லாம் இரட்டைப்படை. நம் புத்தகத்தில் இரட்டைப்படை இடப்பக்கம், தாளைத் திருப்பினால்தான் தெரியும். நன்றிப் பக்கம் நடுவில் புகுந்ததும் எல்லாம் ஒன்று தள்ளி 9, 15, 23, 31 ஆகிவிட்டன. நான்கும் வலப்பக்கம். எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே பேய் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறது. வலமிருந்து இடமாகப் படிக்கிற ஜப்பானியப் படக்கதையில் திருப்பியதும் முதலில் வருவது வலப்பக்கம், அவர்கள் அங்கே ஒளித்து வைப்பார்கள். நமக்கு இடப்பக்கம்தான் கதவுக்குப் பின்னால் இருக்கிற இடம். இது எனக்குத் தெரிந்ததுதான், டம்மி போடும்போதே கணக்குப் பார்த்து வைத்ததுதான். ஒரு பக்கம் சேர்த்தபோது மறுபடி டம்மி மடித்துப் பார்க்கவில்லை. அச்சில் போன 25 பிரதிக்கும் அந்த மூன்று வாரத்துக்கும் காரணம் அவ்வளவுதான்.

திருத்தம் சின்னது. நன்றி வரிகளை முன் அட்டையின் உட்புறத்தில் அச்சடித்தேன். உள்ளட்டை 32இல் சேராது, கதைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. மூட்டைப் படத்தையும் முதலில் வரைந்தபடியே வைத்துவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. கூடவே இன்னொன்றையும் சரிசெய்தேன். எட்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்தால் உள்தாள்கள் வெளியே துருத்தும். 100 ஜிஎஸ்எம் கனத் தாளில் நடுப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவே துருத்தியது. ஓரம் வெட்டும்போது அது போய்விடும். முதல் அச்சில் 17ஆம் பக்கத்தில் மூட்டைக் கதையின் தலைப்பெழுத்து கால் பங்கு வெட்டுப்பட்டிருந்தது. இப்போது 10லிருந்து 23 வரை எல்லாப் பக்கத்தையும் மடிப்பை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, ஓரத்தில் எட்டு மில்லிமீட்டர் சும்மா விட்டேன்.

செலவு. ஏ3 தாள் எட்டு 200 ரூபாய், ஏ4 வரைதாள் ஐம்பது 600, மை மூன்று பாட்டில் 210, நிப்பும் பிடியும் 240, ஸ்கேன் 40 பக்கம் 400. முதல் அச்சு 25 பிரதி, ஒன்று 56 வீதம் 1,400. இரண்டாம் அச்சு 100 பிரதி, உள்ளட்டை அச்சோடு சேர்த்து 59 வீதம் 5,900. மொத்தம் 8,950. 56 ரூபாயில் உள் அச்சு 28, பல வண்ண அட்டை 18, லேமினேஷன் 4, நடுப் பின்னும் வெட்டும் 6. விலை 80 வைத்தேன். இதுவரை 71 விற்று 5,680 வந்திருக்கிறது. நூறும் விற்றாலும் 8,000தான், 950 கையிலிருந்து போகும். அந்த 25ஐ அடிக்காமல் இருந்திருந்தால் செலவு 7,550ல் நின்றிருக்கும்.

இப்போதைக்கு மனசில் இருக்கிற மாற்றங்கள் இவை. முதல் அச்சு எப்போதும் மூன்றே பிரதி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. படிக்கிறவருக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணைப் பார்க்க வேண்டும், வாயைக் கேட்டுப் பிரயோசனமில்லை. சொந்தக்காரர்கள் வாயால் குறை சொல்ல மாட்டார்கள். கொள்ளிவாய்க்கு ஆறு பக்கம் போதவில்லை, கடைசி இரண்டு பக்கம் ஓட்டமாக ஓடுகிறது. அதில் இரண்டு பக்கம் கூட்ட வேண்டும். லேமினேஷனைப் பளபளப்பில்லாத மேட் வகைக்கு மாற்ற வேண்டும், டியூப் லைட்டு வெளிச்சத்தில் அட்டைப் படம் கண்ணைக் கூசுகிறது.

'முதல் தண்ணி'யை முழுசாக மறுபடி வரைய ஆசை. காய்ந்த மணலில், நுரைக்கு முன்னால், ஆளில்லாமல் ஈரக் காலடி மட்டும் நடந்து வருகிற படம் 8ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதை நினைவிலிருந்துதான் வரைந்தேன். நுரையின் விளிம்பு எப்படி முன்னேறும், சருகையும் செருப்பையும் தள்ளிக்கொண்டு நேராக வருமா, விரல் விரலாகப் பிரிந்து வருமா என்று நிச்சயமில்லாமலே கோடு போட்டிருக்கிறேன். பெரியப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளத்துலதான் மொதல்ல வரும். கால் தடம் இருந்தா அந்தக் குழிய ரொப்பிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும்" என்றார்.

ஜூன் 12 மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. இங்கே வந்து சேர மேலும் பல நாள் ஆகும். இந்தத் தடவை நோட்டோடு ஆற்றுக்குள்ளேயே இறங்கி நிற்கப் போகிறேன், பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த புத்தகத்துக்கு டம்மி மடித்தாயிற்று. இரட்டைப்படைப் பக்கங்களின் மூலையில் மட்டும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.